ஒரு கதவுக்கு ஒரு குடும்பம்

நோய்க்குப் பயந்து ஊரடங்கு போட்டபோது பேர்ணடெற்றும் அவளுடைய தம்பி பெண்சாதி டெனிஷாவும் முகம் பார்த்துக் கதைத்து இரண்டு வருஷமாகியிருந்தது. இருந்தது ஒரே வீட்டில். கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக நிற்கிற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் ஒன்பதாம் மாடி. ஒரு அறை, ஒரு ஹோல், இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற குசினி, உடுப்புக் காயப்போட மட்டும் காணுகிற பல்கனி. தெமட்டகொடையில் ரயில்பாதை ஓரமாக இருந்த அவர்களின் பலகை வீட்டை உடைத்தபோது வீடமைப்புக் கந்தோர் அதற்குப் பதிலாகக் கொடுத்தது. மாதம் மாதம் வாடகை கட்டவேண்டும். ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருந்தது.

அம்மா செத்தபிறகு அந்தப் பெயரை யாருக்கு மாற்றுவது என்பதுதான் சண்டை. பேர்ணடெற்றுக்கு ஐம்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் இருபது வருஷமாகச் சமைத்து, அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டி, அம்மாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தவள். தம்பி பிறெடி கூலிக்கு எடுத்த ஓட்டோ ஓட்டுகிறவன். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம், கொஞ்ச நாளைக்கென்று பெண்சாதியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன் அப்படியே இருந்துவிட்டான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, தனிக் கட்டைக்கு எதற்கு முழு வீடு என்று டெனிஷா யாரிடமோ சொன்னாள். பேர்ணடெற் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள்.

அடுத்த கிழமையே சமையல் பிரிந்தது. குசினி பேர்ணடெற்றுக்கு. டெனிஷா பல்கனியில் கன்வஸ் கட்டி, தனி அடுப்பும் தனி காஸ் சிலிண்டரும் வைத்தாள். உப்புப் போத்தல் முதற்கொண்டு இரண்டு. சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் பிறெடியின் வாயால் போய்வந்தது. முன்பு மச்சாள் என்று கூப்பிட்ட டெனிஷா இப்போது ‘உங்கட அக்கா’ என்றாள். பேர்ணடெற் அந்த அளவுக்கும் போகவில்லை. ‘அவள்’ என்றாள்.

ஊரடங்கின் முதல் கிழமையிலேயே ஓட்டோவின் சொந்தக்காரன் வந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பள்ளிக்கூடம் பூட்டினதோடு கன்ரீனும் பூட்டியது. திறந்தபிறகு பார்ப்போம் என்று முதலாளி தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் கிழமை டெனிஷாவின் காஸ் முடிந்தது. கீழே காஸ் லொறி வந்து நின்றது, ஆனால் வாங்கக் கையில் சல்லி இல்லை. பிறெடி குசினி வாசலில் வந்து நின்று, பிள்ளைக்காவது ஏதும் அவித்துக் கொடுக்க விடச்சொல்லிக் கேட்டான். பேர்ணடெற் யோசித்துப் பார்த்துவிட்டு, தான் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவதாகவும் பிறகு அவள் வரலாம் என்றும் சொன்னாள்.

நாலு நாள் அப்படி நடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் உலை வைத்தால் இருக்கிற காஸும் மாதம் முடியுமுன் போய்விடும் என்று பேர்ணடெற்றுக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள், ஒரே பானையில் போடச்சொல்லித் தம்பியிடம் சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து பேர்ணடெற் தன் பங்கு அரிசியைப் போடுவாள், அவள் நகர்ந்தபிறகு டெனிஷா வந்து தன் பங்கைப் போடுவாள். டெனிஷா அரிசி அளக்கிற சுண்டைத் தலை தட்டிப் போடுகிறாளா என்று பேர்ணடெற் ஹோலில் நின்று பார்ப்பாள். சோறு வெந்ததும் இரண்டு கோப்பையில் பிரித்து, ஒருத்தி அறையிலும் ஒருத்தி ஹோலிலும் இருந்து சாப்பிட்டார்கள்.

சித்திரையில், குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் மெல்ரோய் மாடி மாடியாக ஏறி ஒரு செய்தி சொன்னான். வேலை வருமானம் இழந்த வாடகைக் குடிகளுக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது, மூன்று மாத வாடகையும் இப்போதைக்குக் கேட்கமாட்டார்கள், ஃபோம் நிரப்பவேண்டும். ஒரு கதவு இலக்கத்துக்கு ஒரு குடும்பம். பேர்ணடெற் தன்னைக் குடும்பத் தலைவி என்று எழுதிக் கொடுத்தாள். அதே பின்னேரம் டெனிஷா பிறெடியின் பெயரில் இன்னொன்று கொடுத்தாள். மெல்ரோய் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இப்படிக் கொடுத்தால் இரண்டையும் வெட்டிவிடுவார்கள் என்றான். சமையல் வேறு வேறு என்றால் இரண்டு குடும்பமாக எடுப்பார்கள், ஆனால் கிராம சேவகர் வந்து பார்ப்பார்.

சமையல் வேறாகத்தானே இருந்தது என்று பிறெடி வீட்டில் சொன்னான். இரண்டு வருஷம் வேறாக இருந்தது உண்மை, இந்த மூன்று கிழமைதான் ஒன்று. டெனிஷாவின் அடுப்பைத் திரும்பப் பல்கனியில் வைத்து, பக்கத்தில் ஒரு பானையையும் வைத்தால் போதும், இரண்டு பேருக்கும் கிடைக்கும். இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றுக்குத்தான்.

கிராம சேவகர் ஒரு சிங்களப் பெண், நடுத்தர வயது. காலையிலிருந்து படியேறிக் களைத்துப்போய் முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். குசினியைப் பார்த்தாள், பல்கனியைப் பார்த்தாள், எழுதினாள். வேலை முடிந்தமாதிரித்தான் இருந்தது. போகிறபோக்கில், லயிற் பில் யார் கட்டுகிறது என்று கேட்டாள். நாங்கள்தான் என்றாள் டெனிஷா. களனியில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளுடைய சிங்களம் தண்ணீர்மாதிரி ஓடும். கேட்டதற்குப் பதில் சொன்னதோடு நிற்காமல், அந்த அக்கா தனி ஆள்தானே, அவளுக்கு என்ன பெரிய செலவு, வீட்டுப் பாரமெல்லாம் எங்கள் தலையில்தான் என்றும் சொன்னாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் சல்லி வரும் என்று பேர்ணடெற்றுக்குத் தெரியாமலில்லை.

“மூண்டு கிழமையா என்ர அடுப்பிலதான் மிஸ் இதுகள் திங்குதுகள்” என்றாள் உடைந்த சிங்களத்தில். “அந்தச் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கோ.”

கிராம சேவகர் பல்கனிக்குப் போய் ஒரு கையால் சிலிண்டரைத் தூக்கினாள். அது லேசாக எழும்பியது. அவள் முன்பு எழுதியதை வெட்டி, ஒரு குடும்பம் என்று எழுதினாள். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டதால், தலைவர் யார் என்று அவருடைய பிள்ளைகள் எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்த கடிதம் தந்தால்தான் காசு வரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு டெனிஷா பானையில் அரிசி போடவில்லை. நாசம் பண்ணிப்போட்டா என்று புருஷனிடம் மட்டும் சொன்னாள். பேர்ணடெற் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். செய்தது பிழை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும் என்றும் நினைத்தாள்.

கடிதத்தில் பத்து நாளாக யாரும் கையெழுத்து வைக்கவில்லை. யாரைத் தலைவர் என்று எழுதுகிறார்களோ, நாளைக்கு வீட்டுப் பெயரும் அந்தப் பக்கம்தான் சாயும் என்று இரண்டு பகுதிக்கும் விளங்கியிருந்தது. அரிசி கீழே போனது. கடைசியில் ஒரு மத்தியானம், டெனிஷா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்த நேரம், பேர்ணடெற் மெல்ரோயைக் கொண்டு எழுதுவித்த கடிதத்தைத் தம்பியின் முன் வைத்தாள். தன் பெயரில் எடுத்து, மெல்ரோயின் கண் முன்னாலேயே பாதியைத் தருவதாகச் சொன்னாள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. பிறெடி சிங்களம் நன்றாகக் கதைப்பான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு நேரம் எடுக்கும். முதல் இரண்டு வரியைப் பார்த்தான். பிள்ளை காலையிலிருந்து வெறும் பிளேன்ரீயோடு இருந்தது. கையெழுத்து வைத்தான்.

காசு ஆறு நாளில் வந்தது. பேர்ணடெற் சொன்னபடி பாதியைக் கொடுத்தாள். பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. பிறெடி மாவும் பருப்பும் பால்மாவும் வாங்கி வந்தான். எப்படிக் காசு வந்தது என்று பெண்சாதி கேட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னான். டெனிஷா மெல்ரோயிடம் போய்க் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, படியில் நின்றே படித்தாள். பிறெடியும் அவனுடைய குடும்பமும் அக்காவின் அனுமதியோடுதான் அந்த வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று கடைசி வரியில் இருந்தது.

அவள் மேலே வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்தரமாக பேர்ணடெற்றின் அறை வாசலில் நின்றாள்.

“கடைசி வரியில என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் பேர்ணடெற். “நான்தான் எழுதச் சொன்னனான்.”

“பசியில இருந்த மனிசனிட்ட ஏமாத்தி வாங்கியிருக்கிறீங்கள்.”

“அம்மா மூத்திரத்தில கிடந்தபோது நீ இந்த வாசல் தாண்டி உள்ள வரேல்ல. இப்ப வந்திருக்கிறாய். வீடெண்டவுடன வாறாய்.”

அது உண்மை. டெனிஷா திரும்பிப்போய் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு, கிராம சேவகரின் கந்தோர் வாசலில் வெயிலில் நின்றாள். கடிதத்தில் இருப்பது தெரியாமல் வைத்த கையெழுத்து அது, தங்களைத் தனிக் குடும்பமாகப் பதியவேண்டும் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். தனிச் சமையலைக் காட்டினால் யோசிக்கலாம் என்றது பதில்.

ஊரடங்கு தளர்ந்து பிறெடிக்கு ஓட்டோ திரும்பக் கிடைத்ததும் அவள் வாங்கிய முதல் சாமான் காஸ்தான். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைத்துப் பானையோடு போனில் படம் எடுத்தாள். எட்டு மாதம் எடுத்தாள். அந்தப் படங்களையும் காஸ் வாங்கிய துண்டுகளையும் பார்த்துப் பார்த்தே கிராம சேவகர் அலுத்துப்போய், ஒரு நாள் தனிக் குடும்ப அட்டை எழுதிக் கொடுத்தாள். குடும்பத் தலைவர் பிறெடி. பேர்ணடெற் குடும்பப் பட்டியலிலிருந்து கழன்று தனி ஆளானாள்.

அடுத்த வருஷம் வைகாசியில் நோய் திரும்பவும் பரவி, நாடு திரும்பவும் பூட்டப்பட்டது. திரும்பவும் ஐயாயிரம் அறிவித்தார்கள். பிறெடியின் அட்டைக்குச் சிக்கலில்லாமல் வந்தது. பேர்ணடெற்றின் ஃபோமில் சிக்கல். கன்ரீன் இரண்டாம் முறையும் பூட்டி, முதலாளி இனி வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஆனால் ஒரே கதவுக்குள் காசு வாங்கிய குடும்பம் ஒன்று இருப்பதால், தனி ஆளை அதோடு சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள் என்று கந்தோரில் சொன்னார்கள். வீட்டிலுள்ள மற்றக் குடும்பம், இவள் எங்களோடு இல்லை என்று சொன்னால் மட்டும் கொடுக்கலாம். மெல்ரோய் அதைச் சொன்னபோது பேர்ணடெற் சிரித்தாள். அப்படியென்றால் வராது என்றாள்.

அதே கிராம சேவகர்தான் வந்தாள். இம்முறை உள்ளே வரவில்லை, தொற்றுக்குப் பயந்து வாசலில் நின்றே கேட்டாள். பிறெடி வெளியே போயிருந்தான். டெனிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர்ணடெற் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் நின்றாள். அந்தக் கிழமை அவளிடம் இருந்தது ஒரு கட்டு மரவள்ளியும் கொஞ்சம் துருவின தேங்காய்ப்பூவும்.

கிராம சேவகர் போன வருஷத்தை மறந்திருக்கவில்லை. இந்த முறையாவது உண்மையைச் சொல்லச் சொன்னாள். “அந்த அக்கா உங்களோட சாப்பிடுறவவா?”

“இல்ல மிஸ்” என்றாள் டெனிஷா. “அவ வேற. எங்கட குடும்பமில்ல.”

கிராம சேவகர் எழுதிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

பின்னேரம் வந்த பிறெடி விஷயம் கேட்டு ஆச்சரியப்பட்டான். நல்ல காரியம் செய்தாய் என்று மெதுவாகச் சொன்னான். டெனிஷா பல்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

“நல்லதுக்குச் செய்யேல்ல. எங்களோடதான் எண்டு சொல்லியிருந்தா அவ என்ர குடும்பமாயிருப்பா. என்னால அது ஏலாது.”

பேர்ணடெற்றுக்கு அது கேட்டது. அடுத்த கிழமை காசு வந்தபோது அவள் நன்றி சொல்லவுமில்லை, சொல்லவேண்டும் என்று நினைக்கவுமில்லை. அரிசியும் காஸும் வாங்கி, மிச்சத்தை வாடகையில் கட்டி, அம்மாவின் பெயர் எழுதிய ரசீதை வாங்கி வைத்தாள்.

பெயர் மாற்ற விசாரணைக்கு அந்த வருஷக் கடைசியில் திகதி கொடுத்தார்கள். இரண்டு பகுதியும் வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. பேர்ணடெற் பஸ்ஸில் போனாள். மற்ற இருவரும் ஓட்டோவில் போனார்கள். வீடமைப்புக் கந்தோரில் உட்கார ஒரு வாங்குதான் காலியாக இருந்தது. பிறெடியை நடுவில் இருத்தி இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். பிறகு ஒரு கிளாக்கர் வந்து, விசாரிக்கிற அதிகாரி இன்றைக்கு வரவில்லை, திகதி திரும்ப அனுப்புவோம் என்றான். பேர்ணடெற் முதலில் எழும்பி வெளியே போனாள். அவள் பஸ் ஏறும்வரைக்கும் மற்ற இருவரும் வாங்கிலேயே இருந்தார்கள்.