தராய்வினிக்கு அம்மா யார்?

ப்ரோலாக் என்ற கணினி மொழி வகுப்பின் முதல் பயிற்சியே வம்பு பிடித்தது. உன் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பிறகு கேள்வி கேட்க வேண்டும். சொன்னதை வைத்து அது பதில் சொல்லும். சொல்லாததெல்லாம் அதற்குப் பொய். தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்தப் பிறவிக்குக் கிடையாது.

தராய்வினி பயிற்சித் தாளில் இருந்தபடியே எழுதினாள். அம்மா என்றால் பெற்றவள் என்று தாள் சொன்னது. பெற்றவள் லோசனா, மகள் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகும் முன்பே கண் மூடிவிட்டாள். கோரோத் தீவில் அவளை வளர்த்தது லோசனாவின் அக்கா மெரெசெய்னி. எல்லாம் முடிந்த பிறகு, சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று தட்டினாள்: மெரெசெய்னி தராய்வினிக்கு அம்மாவா?

பொய் என்றது கணினி.

கோரோவில் ஒரு மனிதன் இப்படிச் சொல்லியிருந்தால், ஊர் வழக்கப்படி திமிங்கலப் பல்லை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை குடும்பங்கள் வந்து பிள்ளைகளின் கணினியிடம் கேள்வி கேட்கும் நாள். மெரெசெய்னி அவள் படிக்கும் சுவாவுக்குக் கப்பல் ஏறிவிட்டதாகக் காலையில்தான் போன் வந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் அந்த வார்த்தையைப் படிக்கக் கூடாது.

பாடம் நடத்தும் பிரமிளா மேடத்திடம் போய் நின்றாள். பெரியம்மா என்று தனி உறவு எழுதிக்கொள்ளேன் என்றார் மேடம்.

"எங்க வீட்டுல அப்படிப் பிரிச்சுச் சொல்ல மாட்டோம் மேடம். அவங்களும் அம்மாதான்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் அதையே விதியாக எழுது, ஆனால் நிரல் ஒழுங்காக ஓடி முடிய வேண்டும், இல்லையென்றால் மார்க் போகும் என்றார்.

ஒரே வரிதான். அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா. லோசனாவுக்கு மெரெசெய்னி சகோதரி, மெரெசெய்னிக்கு லோசனா சகோதரி என்று இரண்டு பக்கமும் எழுதினாள். ஒரு பக்கம் மட்டும் சொல்லி விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. பழைய கேள்வியைத் தட்டினாள். உண்மை என்றது. அது போதுமென்று மூடிவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாள்.

சனிக்கிழமை மெரெசெய்னி பூப்போட்ட ஜாபா உடையும், ஓலைக் கூடையில் அவித்த டாலோக் கிழங்குமாக வந்து கணினி முன் உட்கார்ந்தாள். தராய்வினி தனக்குப் பதில் தெரிந்த அந்த ஒரே கேள்வியைத் தட்டப் போனாள். மெரெசெய்னி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் உனக்கு யாருன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு அம்மா யாருன்னு கேளு. இது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

வேறு வழியில்லாமல் தட்டினாள். லோசனா என்று வந்தது.

மெரெசெய்னி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. "என் தங்கச்சிய இதுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள். பிறகு, "வேற யாராச்சும்?"

வேறு பதில் கேட்க ஒரு பட்டன் உண்டு. தராய்வினி பயந்துகொண்டே அழுத்தினாள். மெரெசெய்னி என்று வந்தது. கிழவி சிரித்தாள். வேறு? மெரெசெய்னி. வேறு? மறுபடியும் மெரெசெய்னி.

பின்னால் வந்து நின்ற பிரமிளா மேடத்துக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து அக்காவுக்கு என்று விதி செக்கு மாடாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் மெரெசெய்னியையே பதிலாகத் தந்துகொண்டிருந்தது.

"இது நிக்கவே நிக்காது தராய்வினி. மார்க் குறைப்பேன்."

"சரி மேடம்."

மேடம் எதற்குக் கோபிக்கிறார் என்று மெரெசெய்னி மெதுவாகக் கேட்டாள்.

"நான் தப்பா எழுதிட்டேம்மா. எத்தனை தடவை கேட்டாலும் உன் பேரையே சொல்லிட்டிருக்கு."

மெரெசெய்னி எந்தப் பட்டன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தன் விரலாலேயே அழுத்தினாள். வந்ததைப் படித்தாள். மறுபடி அழுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிரமிளா மேடம்தான் அவர்களை அடுத்த மேசைக்கு அனுப்பினார்.