சிவப்பு மூடிக் குப்பிகள்

மூத்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அச்சில் வந்த ஏழாம் நாள், காலை ஆறரை மணிக்கு, அக்கா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கினாள். தரை விரியவில்லை, சத்தமும் வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கால்விரல்கள் உள்ளே இருந்தன. காலைத் தூக்கினால் வந்தது, வைத்தால் வைத்த இடத்தில் மறுபடி இறங்கியது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அதற்குமேல் யோசிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஊரில் முதலாவதாகப் பிறந்த எல்லாரும் அதே நேரத்தில் அதே அளவு இறங்கியிருக்கிறார்கள் என்பது பத்து மணிவாக்கில் தெரிந்தது. இரட்டையரில் பதினொரு நிமிடம் முந்தியவள் இறங்கினாள், பிந்தியவள் இறங்கவில்லை. ஒற்றைப் பிள்ளைகளுக்கு ஒரு கால் மட்டும் இறங்கியது. தன்னை மூத்தவன் என்று நம்பி மூன்று தங்கைகளை அதட்டி வளர்த்த ஐம்பத்திரண்டு வயது முடிதிருத்துபவர் இறங்கவே இல்லை. அவருக்கு முன்னால் ஒன்று பிறந்து ஒரே ஒரு பகல் இருந்துவிட்டுப் போனது என்று அவருடைய அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். அவர் அன்று கடை திறக்கவில்லை.

இந்த அக்கா தபால் நிலையத்தில் பார்சல் நிறுப்பவள். கல்யாணம் ஆகவில்லை, முதலில் தம்பி படிக்கட்டும், பிறகு தங்கை படிக்கட்டும் என்று தள்ளிப்போட்டதில் முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. நடுவில் பிறந்த அந்தத் தம்பி வேறு ஊரில் இருக்கிறான். நடுவில் பிறந்தவர்களுக்கு வழக்கமாக நடப்பதுபோல அவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்குட்டியான தங்கை, அந்த ஆய்வு நடந்த ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் எச்சிலைக் குப்பிகளில் வாங்கியவள் அவள்தான். தெருவில் அவளுக்கு எச்சில்காரி என்று பெயர், காதுபடவே சொல்வார்கள். மூத்தவருக்குச் சிவப்பு மூடி, நடுவில் பிறந்தவருக்கு மஞ்சள், இளையவருக்கு வெள்ளை. சிவப்பு மூடிக் குப்பிகளில் மன அழுத்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. மூத்த பிள்ளைகள் பிறவியிலேயே கவலைக்காரர்கள் என்று பேராசிரியர் எழுதினார். மூத்தது மோழை, இளையது காளை என்று ஏற்கெனவே ஒரு பழமொழி கைவசம் இருந்ததால் இதை நம்புவதற்கு ஊருக்குச் சிரமமே இருக்கவில்லை. ஒரு மாதத்தில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பிறப்பு வரிசையைக் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கணுக்காலைப் பார்த்தார்கள்.

இறக்கம் மாதத்துக்கு ஒரு விரற்கடை என்று நிதானமாக நடந்தது. அக்கா ஒருநாள் பார்சல் தராசில் ஏறி நின்று பார்த்தாள். எப்போதும்போல ஐம்பத்து நான்கு கிலோதான். எடை கூடவில்லை, தரைதான் தாங்கவில்லை. அவள் சேற்றில் நடப்பவள்போல இழுத்து இழுத்துத் தெருவில் நடந்து வேலைக்குப் போனாள். தபால் நிலையத்து மேசை அவள் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. அவர்கள் குடியிருந்தது மாடிவீடு. ஏழாம் மாதத்தில் கீழ்வீட்டுத் தட்டச்சு ஆசிரியை மேலே வந்து, தன் வகுப்பறையின் மேற்கூரையில் இரண்டு உள்ளங்கால்கள் தெரிவதாகவும், பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தப்பும் தவறுமாக அடிப்பதாகவும் முறையிட்டாள். அந்த வகுப்பறைக்கு நேர் மேலே இவர்களுடைய அடுப்படி. அக்கா மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்கும் மன்னிப்புக் கேட்பவள். அம்மா மட்டும் அசரவில்லை. "மூத்தவ இல்லையா, தாங்கிக்குவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

தங்கைக்குத் தூக்கம் கெட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்விழித்த கையோடு தன் எச்சிலை ஒரு குப்பியில் பிடித்தாள். அக்காவுடையதைப் பதினொரு மணிக்கு, துணி துவைத்து முடித்த பிறகு வாங்கினாள். ஆய்வுக்கூடத்தில் போட்டுப் பார்த்தபோது தங்கையுடையதுதான் இரண்டு மடங்கு இருந்தது. அந்த ஹார்மோன் யாருக்கும் தூங்கி எழுந்த அரைமணியில் உச்சத்தில் நிற்கும், பொழுது ஏற ஏற இறங்கும் என்பது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். நேரம் குறித்த பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். எல்லாம் அவள் கையெழுத்து. சிவப்பு மூடி ஏழு மணி, மஞ்சள் எட்டரை, வெள்ளை பத்தேகால். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்றுகூட விலக்கில்லை. வரிசையாக நில்லுங்கள் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள், யார் முதலில் என்று சொல்லவில்லை. ஊசி போடுவதானாலும் உடுப்புக்கு அளவெடுப்பதானாலும் மூத்தது முதலில் என்று பழகிய பிள்ளைகள் தாமாகவே அப்படி நின்றிருந்தன. மூத்தவர்களின் குப்பியில் இருந்தது வேறொன்றுமில்லை, விடிகாலைதான். இளையவர்கள் அதற்குள் விளையாடி, சாப்பிட்டு, ஒரு குட்டித்தூக்கமும் போட்டிருந்தார்கள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள். அவர் ஒற்றைப் பிள்ளை. வலது கால் கணுக்காலுக்குச் சற்று மேல்வரை தரைக்குள்ளும் இடது கால் தரைமேல் மடங்கியும், எந்த நேரமும் எழுந்து கிளம்பப் போகிறவர்போலத் தெரிந்தார். கெட்ட மனிதர் இல்லை. நோட்டை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

"தப்புதான்மா. நான் கவனிச்சிருக்கணும்."

"அப்போ திருத்தி எழுதிடுங்க சார். எங்க அக்கா நாளுக்கு நாள் இறங்கிட்டே போறா."

"எழுதலாம். ஆனா பள்ளிக்கூடத்துப் பாடத்துலயே போட்டுட்டாங்களே. இப்ப ஊரே அதுமேலதான் நிக்குது" என்றவர், தன் வலது காலைக் குனிந்து பார்த்தார்.

ஆனாலும் மறு ஆய்வுக்கு அனுமதி கேட்டு அவர் எழுதினார். பதில் வர ஒரு வருடம் ஆனது. இரண்டாம் முறை தங்கை இளையவர்களை முதலில் நிற்கச் சொன்னாள். பிள்ளைகள் வரிசை மாறி நின்றன. ஆனால் சின்னவை தனியாக வரப் பயந்ததால் மூத்தவை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, முதல் ஆளாக நின்று, "பயப்படாத, வலிக்காது, துப்பினா போதும்" என்றன. சில வீடுகளில் மூத்தது முதலில் துப்பிக் காட்டியது, சிலவற்றில் சின்னது துப்பியது; காலையில் முதலில் துப்பியது யாரோ அவருக்கு ஹார்மோன் கூடுதல். மூத்தது இளையது என்ற வித்தியாசமே இல்லை. மூன்றாம் வருடம் திருத்தம் வெளிவந்தது, அதே இதழின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல நான்கு வரி. ஊரில் அதைப் படித்தவர்கள் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் அச்சுப்பிழை பார்ப்பவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கேட்டவர்களும், நாலு வரிக்காக இத்தனை நாள் நம்பியதை விடுவானேன் என்றார்கள்.

தங்கை அந்த நான்கு வரியை வெட்டி எடுத்துவந்து அடுப்படியில் அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். அக்கா அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை இறங்கியிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள். கால் மணி நேரம் பார்த்தார்கள். ஒரு நூலளவுகூட ஏறவில்லை.

"எல்லாம் பொய்னு அச்சுலயே போட்டாச்சு. இன்னும் ஏன்க்கா?" என்று தங்கை கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? குப்பியில இருந்தது பொய்தான். ஆனா ஏழு மணிக்கே என்னை யாரு கொண்டுவந்து நிறுத்தினது, அதை யாராவது துப்ப வெச்சுப் பார்த்தீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை, குழம்பு அடிப்பிடித்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில் சொன்னாள். தங்கை மறுநாளிலிருந்து அக்காவுக்கு முன்னால் தானே எழுந்துவிடுவது என்று முடிவுசெய்தாள். ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தாள். அக்கா ஐந்தேகாலுக்கே எழுந்து, இவளுக்குத் துண்டும் பாலும் எடுத்துவைத்திருந்தாள். ஐந்துக்கு எழுந்தாள், அக்கா நாலேமுக்காலுக்கு எழுந்தாள். "நீ எழுந்திருக்கப் போறியேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் அக்கா மூன்று விரற்கடை இறங்கிவிட்டாள். அன்பினால் செய்ததும் பாரமாய்ப் போய்ச் சேர்ந்தால் மனிதர்கள் என்னதான் செய்வார்கள்? தங்கை பழையபடி ஆறரைக்கே எழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஊர் பழகிவிட்டது. கொத்தனார்கள் புதுவீடு கட்டும்போதே அடுப்படியில் மூத்தவருக்கென்று தரையைத் தாழ்த்திக் கட்டினார்கள். தபால் நிலையத்தில் மேசையின் கால்களை அறுத்து அக்காவுக்கு வாகாக்கிக் கொடுத்தார்கள்; பார்சல் கொண்டுவருகிறவர்கள் குனிந்து கொடுத்தார்கள். முழங்கால்வரை வந்ததும் இறக்கம் ஆமைவேகமாகியது, ஆனால் நிற்கவில்லை. திருத்த வேண்டியதெல்லாம் திருத்தியாகிவிட்டது என்று பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போனார். அவரை ஒரு பக்கமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஒரு மழைநாளில் தட்டச்சு ஆசிரியை தங்கையை வழியில் நிறுத்தி, உங்கள் அக்காவின் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது, ஏதாவது தடவக்கூடாதா என்று கேட்டாள். தங்கை இத்தனை வருடத்தில் அந்தக் கால்களைப் பார்த்ததே இல்லை. மேலே இருந்துகொண்டு முழங்காலோடு முடிந்துபோகிறவளாகவே அக்காவைப் பார்த்துப் பழகியிருந்தாள். அன்று மாலை எண்ணெய்க் கிண்ணத்தோடு கீழ்வீட்டுக்குப் போய், ஒரு முக்காலியில் ஏறி, மேற்கூரையில் தொங்கிய இரண்டு பாதங்களையும் பார்த்தாள். வெளுத்து, காய்த்து, எதிலும் ஊன்றாமல் இருந்தன. வெடிப்புகளில் எண்ணெய் தடவினாள். மேலே அக்கா கூச்சத்தில் கத்திச் சிரிப்பது கேட்டது. சிரிப்பு அடங்கியதும் தங்கை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அந்த உள்ளங்கால்களுக்கு அடியில் கொடுத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் முழு எடையும் கையில் வந்து இறங்கியது. ஐம்பத்து நான்கு கிலோ. தோள் நடுங்கும்வரை, ஏறக்குறைய நான்கு நிமிடம் தாங்கினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். இறங்கி மேலே போனபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இன்னைக்கு ஏனோ கொஞ்சம் லேசா இருந்துச்சுடி" என்றாள்.

அக்கா ஏறவில்லை. மாதத்துக்கு ஒரு நூலளவு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். தங்கை தினமும் மாலை ஆறு மணிக்கு, அக்கா அடுப்பின் முன் வந்து நின்றதும், கீழே போய் முக்காலியில் ஏறுகிறாள்; இப்போது ஐந்து நிமிடம்வரை முடிகிறது. தட்டச்சு ஆசிரியை அந்த நேரத்தில் வகுப்பை முடித்து மின்விசிறியை நிறுத்திவைக்கிறாள்.