சளி ஊசி

"டாக்டர் சீட்டு எங்க?"

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே கடை முதலாளி டாக்டர் வக்தி சொல்லியிருந்தார். எங்கள் மஹல்லா நகரில் மருந்தாளரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் மருந்துக்கடைக்குச் சீட்டோடு வருவதில்லை. வாயால் கேட்பார்கள், எடுத்துக் கொடுக்க வேண்டும். ஸப்ரீனும் அப்படித்தான் வந்தாள், பஞ்சு மில்லுக்குப் போகிற அவசரத்தில். தோளில் மகள் ரீத்தாஜ், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள்.

"என்ன டாக்டரம்மா, புதுசா சீட்டெல்லாம் கேக்குற? எப்பவும் போடுற சளி ஊசிதான். சீக்கிரம் போடு."

சளி ஊசி என்றால் ஒரே சிரிஞ்சில் மூன்று மருந்து: ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, வலி மருந்து. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. பாக்டீரியாவாக இருந்தாலும் ஒரே ஒரு ஊசியில் எல்லாம் சாகாது. தப்பிப் பிழைப்பது முரட்டுக் கிருமி. இந்தக் குளிர்காலத்தில் ரீத்தாஜுக்கு எத்தனை ஊசி போட்டிருப்போம்!

கம்பளியை விலக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது.

"அக்கா, இது வெறும் சளி இல்ல. நெஞ்சுல இறங்கியிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"லீவு போட்டா மேஸ்திரி வேலைய விட்டே தூக்கிடுவான்!"

வக்தி சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி உள்ளேயிருந்து வந்தார். "என்ன ஷுரூக், வேன் ஓட்டுறவர் பொண்ணு பட்டம் வாங்கினதும் பேராசிரியர் ஆயிட்டியோ? ஊசியப் போடும்மா. நீ போடலேன்னா எதிர்க்கடைக்காரன் போடப் போறான்."

"ஊசி போட்டா காய்ச்சல் அடங்கும் டாக்டர். நோய் அடங்காது. சரியாயிடுச்சுன்னு நம்பி இவ மில்லுக்குப் போயிடுவா. அப்புறம்?"

"அப்புறம் அல்லா பாத்துப்பான்."

"நீங்க பண்றதுக்கு அவன ஏன் இழுக்குறீங்க?"

அவரே மருந்துக்குப்பியின் கழுத்தை உடைத்தார். சிரிஞ்சில் மருந்து ஏறியது. ரீத்தாஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தமே இல்லை.

"ஊசியக் கண்டா ஊரையே கூட்டுவாளே அக்கா. இன்னைக்கு ஏன் அழல?"

ஸப்ரீனின் முகம் வெளுத்தது. மகளை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இப்ப வாசலைத் தாண்டினா திரும்பி வந்துடாதே" என்றார் வக்தி என்னிடம்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டேன். சீட்டைக் கேட்டபோதே மனதுக்குள் அதைக் கழற்றியாயிற்று.

"பிள்ளைய என்கிட்ட குடு. நீ ஓடிப்போய் ஆட்டோவ நிறுத்து."

ரீத்தாஜைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினேன்.