மாதா வந்த வழியே திரும்பமாட்டாள்

மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இசபெல் தன் வீட்டு நடையிறங்கியபோது, அடுத்த வீட்டு வாசலில் விக்டோரியா மெழுகுதிரியோடு நின்றிருந்தாள். சாதாரண மெழுகுதிரிதான். அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் மீன்வெட்டும் கத்தி என்று தோன்றும்.

அக்டோபர், செபமாலை மாதம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்தக் காலனியில் தெருவுக்குப் பதினாலு வீடு. பதினாலும் சேர்ந்தால் கோயில் கணக்கில் ஓர் அன்பியம். பெயரில் அன்பு இருக்கிறது. தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒன்றாம் தேதி ஒன்றாம் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு சாயங்காலமும் மாதா ஒரு வீடு நகர்வாள். கொடுக்கிற வீட்டுக்காரி சுமந்துவந்து வாங்குகிறவள் கையில் கொடுக்கவேண்டும். அன்றிரவு மாதா அங்கே தங்குவாள்.

பன்னிரண்டாம் வீடு விக்டோரியாவுடையது. அவளுடைய நாக்கைப் பற்றி ஊருக்குப் பல அபிப்பிராயங்கள் உண்டு. கோட்டாறு சந்தையில் அவள் மீன் விற்கும் மூலையில் ஈ உட்காருவதில்லை. சுசீந்திரத்துக்காரர் ஒருவர் கேட்ட அடிமாட்டு விலைக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு, கூடையில் செத்துக்கிடந்த விளமீன் கண்ணை மூடிக்கொண்டது என்று பக்கத்துக் கடை ரத்தினம் சத்தியம் செய்வாள். மீனுக்கு ஏது இமை என்று யாராவது கேட்டால், "அதத்தான நானும் சொல்லுகேன்" என்பாள்.

இசபெல் அந்த அன்பியத்தின் தலைவி. அவள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் விக்டோரியாவின் அடுக்களை வாசலில் தேங்கியதும், பதிலுக்கு விக்டோரியா மீன் கழுவிய தண்ணீர் இசபெல் வீட்டு நடையில் ஊற்றப்பட்டதும் மூன்று வருடப் பழைய கதை. எட்டு மாதம் முன்பு விக்டோரியாவின் கணவன் ஞானதாசன் வள்ளத்தில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்து படுத்தான். "பெண்டாட்டிக்க நாக்குதான் மாப்பிளைக்க நடுவ முறிச்சு" என்று இசபெல் குழாயடியில் சொன்னாள். அதற்கு விக்டோரியா சொன்ன பதிலில் தெருவே சன்னலைச் சாத்தியது.

நாளை காலை ஏழு மணிக்கு ஞானதாசனுக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன். உயிருக்குப் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் குறித்த தேதி பத்து. விக்டோரியா விரல் விட்டு எண்ணிப்பார்த்து, பதிமூன்றுதான் வேண்டும் என்று நின்றாள். நெய்மீனுக்குப் பேரம் பேசுவதுபோல் அரைமணி நேரம் பேசி, டாக்டர் களைத்தபிறகு பதிமூன்றையும், முந்தின இரவு அவன் வீட்டிலேயே இருக்க அனுமதியையும் வாங்கிவந்தாள். பன்னிரண்டாம் இரவு மாதா அவன் தலைமாட்டில் இருக்கவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அந்த மாதாவை இசபெல் இப்போது வாசலைத் தாண்டிக் கொண்டுபோகப் பார்த்தாள். பின்னால் வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏட்டி, இங்க வாசல் இருக்கது கண்ணு தெரியலியா?"

"சண்ட கெடக்க வீட்டுக்கு மாதா வரமாட்டா. ஞாயிற்றுக்கிழம கோயில்ல எல்லாருக்க முன்னாலயும் எங்கிட்ட மன்னிப்பு கேளு. பொறவு பாப்போம்."

"ஞாயிற்றுக்கிழமையா? நாளைக்கு அவருக்கு ஆப்பரேசன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லோடு விக்டோரியா சண்டையை அங்கேயே விட்டாள். இது அவள் ஆயுளில் நடக்காத காரியம். அவள் மாதாவைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவளுடைய காலைச் செபமே மாதாவோடு சண்டைதான். விடியுமுன் அடுப்பு மூட்டும்போது, 'ஒனக்கும் ஒரு பிள்ள செத்ததுதான, பின்ன எனக்க வயிறெரியது தெரியலியா, கல்லாட்டம் நிக்கியே' என்று தொடங்கினால் கட்டங்காப்பி கொதிக்கும்வரை ஓடும். என்ன திட்டினாலும் முகம் சுளிக்காத ஒரே பெண்பிள்ளை மாதாதான். திட்டி முடித்தால் கழுத்துக்குக் கூடை சுமக்கிற பலம் வந்துவிடும். அந்தப் பலத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

மெழுகுதிரியை நடை ஓரத்தில் ஊன்றிவிட்டு உள்ளே போனாள். ஞானதாசன் படுத்திருந்தது கன்னியர் மடத்தில் இரவல் கொடுத்த சக்கரக் கட்டில். அவன் விழித்துக் கிடந்தான்.

"ஏட்டி, எங்க தள்ளுக?"

"அவ உள்ள வரமாட்டாளாம். நீரு வெளிய வாரும்."

"இந்தக் கைலியோடயா?"

நிலைவாசலில் கட்டில் உரசிப் பெயிண்டு பெயர்ந்தது. ஒரே தள்ளு. முன்சக்கரம் தெருவில் இறங்கி, கட்டில் கூட்டத்துக்கு முன்னால் குறுக்கே நின்றது. அந்தத் தெருவின் அகலம் ஒரு கட்டிலின் நீளம். அதைக் கட்டியவர்கள் இதற்காகவே அளந்திருக்கவேண்டும்.

இசபெல் நின்றாள். முன்னால் கட்டில். பின்னால் போகவும் முடியாது. மாதா வந்த வழியே திரும்பக்கூடாது என்பது வழக்கம். ஒரு வருடம் விளையாட்டுப்போலத் திருப்பிக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம் வலையில் கொழகொழவென்ற சொறிமீனைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை என்றும், அந்தச் சொறியும் இவர்களைப் பார்த்துச் சிரித்தது என்றும் சொல்வார்கள். தரையிலும் மாதாவை வைக்கக்கூடாது.

"கட்டில மாத்து."

"எனக்க மாப்பிள காத்து வாங்குகாரு."

"காத்து நல்லாத்தான் இருக்கு" என்றான் ஞானதாசன்.

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். ஆறரை மணி ஆயிற்று. ஆறரைக்குச் செபமாலை தொடங்கியாகவேண்டும். தொடங்குவது வாங்குகிற வீட்டுக்காரியின் உரிமை. யாரும் வாய் திறக்குமுன் விக்டோரியா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கூவுகிற குரலில், "அருள் நிறைந்த மரியே வாழ்க!" என்று எடுத்துவிட்டாள்.

பாதி மந்திரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுச் சும்மா நிற்க எந்தக் கிறிஸ்தவப் பெண்ணாலும் ஆகாது. அதுவும் அன்பியத் தலைவியால். இசபெல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபாதியைச் சொன்னாள். விக்டோரியா அடுத்ததை எறிந்தாள். இசபெல் திருப்பி எறிந்தாள். மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அன்றுதான். மற்றவர்கள் கூடச் சொல்வதாக வாயை மட்டும் அசைத்தார்கள்.

செபமாலையின் பத்து மணிகள் ஒரு காரணிக்கம். இரண்டாம் காரணிக்கத்தில்தான் விக்டோரியாவுக்கு அது உறைத்தது. மறுபாதியில் 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடம் வந்தால் எட்டு மாதமாக அவளுக்கு நாக்கு எழும்புவதில்லை. தனியே சொல்லும்போது அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுத்தான் அடுத்த மணிக்குப் போவாள். இப்போது அதை அவளுக்காக இசபெல் சொல்லிக்கொண்டிருந்தாள். எரிச்சலோடு, ஒவ்வோர் எழுத்தும் உடையாமல், பத்துக்குப் பத்துத் தடவை. சொல்லச் சொல்ல அந்தச் சொல் தேய்ந்தது. 

மூன்றாம் காரணிக்கத்தில் இசபெல் மாதாவை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மாற்றத் தொடங்கினாள். மாதா தேக்கு மரம். மேலே கிரீடம் வேறு. வேறு யாரும் வாங்கமுடியாது. வாங்கவேண்டியவள் எதிரில் நின்றாள். அவளிடம் கொடுக்க இவளுக்கு மனமில்லை.

"அக்கா, கனக்குன்னா எனக்க கால்ல வையுங்க" என்றான் ஞானதாசன். "எனக்குப் பாரம் தெரியாது."

இசபெல் அவனைப் பார்த்தாள்.  பிறகு குனிந்து, உணர்வற்ற அந்த இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் சுரூபத்தை வைத்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

"கைய எடுட்டி" என்றாள் இசபெல், உதடு அசையாமல்.

"நீ எடு."

யாரும் எடுக்கவில்லை. ஞானதாசன் தலையைத் தூக்கி, தன் முழங்கால்களுக்கு நடுவில் நின்ற மாதாவையும், அவளுடைய இடுப்பைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று இறுகியிருந்த நான்கு கைகளையும் பார்த்தான். விக்டோரியா மூச்சு இழுத்து நான்காம் காரணிக்கத்தைத் தொடங்கினாள்.