பனி நேரம்

அந்தப் பள்ளியின் அலுவலக அறைக்குள் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பனி பெய்யத் தொடங்கியது. மதியம் ஒரு மணிக்கு நின்று, இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கி, மாலை ஐந்துக்கு ஓய்ந்தது. அதன்பின் தினமும் அப்படித்தான்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெய்யவில்லை. சல்லடையிலிருந்து மாவு இறங்குவதுபோல, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழிருந்து இறங்கியது. வாசற்படியைத் தாண்டி ஒரு பொட்டுக்கூட வராந்தாவுக்கு வரவில்லை. வராந்தாவுக்கு வெளியே வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. முதல் நாள், கூரைச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று நினைத்த எழுத்தர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் குழாய்க்காரர் வந்தார். மூன்றாம் நாள் மின்சாரக்காரர் வந்து விசிறியைக் கழற்றினார். விசிறி இல்லாமலும் பெய்தது. வாரக் கடைசியில் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை விட்டார். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இனிமேல் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

காரணம் அலுவலக வாசலில் புதிதாக மாட்டியிருந்த பலகை. அதை எழுதியவளுக்கு அப்போது வயது பதினாறு. பன்னிரண்டு வயதில், மூன்று பேருந்து மாறி அந்த ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் அவள் ஒரே பெண். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு தட்டையாகவே படுத்திருக்கும். அதை மேலே மடித்து அண்ணத்தில் ஒட்டிச் சொல்ல வேண்டிய எழுத்து அவர்கள் வாயில் பிறந்ததே இல்லை. வந்த முதல் மாதத்திலேயே, வகுப்பில் தூசி விழுந்து அழுதபடி, "கன்னு வலிக்குது சார்" என்றாள். தமிழாசிரியர் புத்தகத்தை மூடினார். "எந்தக் கன்னும்மா? பசு மாட்டுக் கன்னா, எருமை மாட்டுக் கன்னா?" வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. அன்றோடு அவளுக்கு 'ரெண்டு சுழி' என்று பெயர் வந்தது. சொல்வதுபோலவே எழுதவும் செய்தாள். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் அவள் கை இரண்டோடு நின்றுவிடும். கணக்கிலும் அறிவியலிலும் அவள்தான் முதல். ஆனால் மொழித்தாள் திரும்பி வரும்போதெல்லாம் தமிழாசிரியர் அதை வகுப்புக்குப் படித்துக் காட்டுவார். கூடப் படித்தவர்கள் அவளைத் தெருவில் நிறுத்தி, "ஏ ரெண்டு சுழி, தண்ணி கேளேன், தரோம்" என்பார்கள். அவள் தாகத்தோடு வீட்டுக்கு வந்து குடிக்கப் பழகினாள்.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். ஆறு வருடமாக அந்தப் பள்ளியில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதைச் சொல்லும் தகடு வாயிலில் பளபளவென்று இருந்தது. பெயரை அடிக்கச் சொன்னவர் தமிழாசிரியர், அடித்தவர் தலைமையாசிரியர். அவளுடைய அம்மா தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றுகொண்டே கெஞ்சினாள். "ஒரு பேருக்காக நூறை விட்ருவாங்களாம்மா?" என்றார் அவர். "வீட்லயே வெச்சுக்குங்க. அடுப்பங்கரையில எத்தனை சுழின்னு யாரும் கேக்கப் போறதில்ல." அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். மகள் அழவில்லை. "நான் எழுதறதெல்லாம் தப்புன்னு சொல்றாங்கல்ல? சரி, தப்பாவே இருக்கட்டும். என் தப்பு அவங்களுக்குப் பலிக்கட்டும்" என்றாள். தெருமுனையில் சொன்னது, அம்மாவைத் தவிர கேட்டவர்கள் யாருமில்லை.

அம்மாவின் தொழில் பெயர்ப்பலகை. வாடகைக்கு எடுத்த ஒரு வண்டிக் கொட்டகையில், தகரத்தைத் தேய்த்து, இரண்டு கை வெள்ளை அடித்து, வெயிலில் காயவைப்பாள். மகள் வந்து சேர்ந்த பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. மகள் சாக்குக்கட்டியால் எழுத்தை வரைவாள். அம்மா அதற்குள் வண்ணம் நிரப்புவாள். ஒரு வருடத்தில் நாற்பது பலகை போயிருக்கும். 'நாய் ஜாக்கிரதை', 'வாடகைக்கு விடப்படும்', 'இங்கே குப்பை கொட்டாதீர்'. அவற்றில் அந்த எழுத்துக்கு வேலையில்லை. அதனால் அவள் தெருமுனையில் சொன்னது பலித்துவிட்டதென்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான்.

பிறகு பள்ளியிலிருந்தே ஒரு வேலை வந்தது. பலகைக் கடையில் வரைகிறவள் பட்டியலில் அடிபட்ட பெண்ணென்று எழுத்தருக்குத் தெரியாது. அவர் வாயால் சொன்னதை அவள் தாளில் எழுதிக் கொடுத்தாள்: பனி நேரம், காலை 9 முதல் மாலை 5 வரை, இடைவேளை 1 முதல் 2 வரை, ஞாயிறு விடுமுறை. தாள் தமிழாசிரியரின் சம்மதத்துக்குப் போனது. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளின் பிழைகளைத் தவிர வேறெதையும் கண்ணாடி போட்டுப் படித்திராத அவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே 'சரி' என்று கையெழுத்திட்டார். பலகை மாட்டப்பட்டது. மறுநாள் திங்கட்கிழமை.

மூன்று வாரம் கழித்து, மரத்துப்போன கைகளைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்ற எழுத்தர்தான் தற்செயலாக நிமிர்ந்து படித்தார். அவர் கொட்டகைக்கு ஓடி வந்து விஷயத்தைச் சொன்னபோது, அவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்தாள். "பட்டியல்ல என் பேரைச் சேத்துக்கச் சொல்லுங்க. ஒரு சுழிதானே, வந்து போட்டுட்டுப் போறேன்" என்றாள். தலைமையாசிரியர் சிரித்தார். பலகையால் எங்கேயாவது பனி பெய்யுமா, ஈரக் காற்று மேலே போய்க் குளிர்கிறது, அவ்வளவுதான் என்றார். இருந்தாலும் வேறொருவரை வைத்து மூன்றாவது சுழியைப் போட வைத்தார். வண்ணம் உறைந்து பொருக்காக உதிர்ந்தது. பலகையைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டார்கள்; சாமான் அறையிலும் பெய்ய ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அந்த மாதம் அவள் பழைய பேப்பர் கடையிலிருந்து முதல் அட்டை இல்லாத ஓர் அகராதி வாங்கினாள். பகலில் வண்ணம் காயும் நேரமெல்லாம் அதைப் படித்தாள். எங்கே இரண்டு, எங்கே மூன்று, மாறினால் என்ன ஆகும் என்று ஒரு நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதினாள். நான்கு வருடம் பெஞ்சில் ஏறி நின்று கற்காததை ஆத்திரத்தில் நாற்பது நாளில் கற்றாள். பலகை ஒன்றும் செய்யாது என்பதில் தலைமையாசிரியர் பிடிவாதமாக இருந்ததால், அதை ஊருக்குக் காட்டவே தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்ட ஒரு பலகையை அவளிடமே எழுதச் சொன்னார். 'ஒழுக்கம் பேண்.' அவள் வரைந்து முடித்ததும் அம்மா தூரிகையோடு குனிந்தாள்.

"எத்தனை சுழிடி இதுல?"

"ரெண்டு போதும்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நல்லாப் பட்டையாவே போடறேன்" என்றாள்.

தமிழாசிரியர் இதற்கும் 'சரி' போட்டார். பலகை மாட்டிய அன்றே தலைமையாசிரியரின் தலையில் பேன் வந்தது. சாதாரணப் பேன் இல்லை, ஒழுக்கமான பேன். நேர் வகிட்டில் இரண்டிரண்டாக நடந்தன. காலை மணி அடித்ததும் அசையாமல் நின்றன. ஒன்று கடித்து முடித்த பிறகுதான் அடுத்தது கடித்தது. அதனால் கடி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் மொட்டை அடித்துக்கொண்டார். அவை முண்டியடிக்காமல் இறங்கிப் புருவத்தில் அணிவகுத்தன. பிள்ளைகள் அவரைப் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

பதினோராம் நாள் தலையில் துண்டோடு கொட்டகைக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"பட்டியல்ல என் பேரு சார்."

"நூறு போயிடும். உனக்கே தெரியும்."

"தெரியும் சார். புருவத்துக்கு அடுத்து இமைன்னு நினைக்கிறேன்."

அவர் அங்கேயே, ஒரு வண்ண டப்பாவின் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவள் போய்ப் பேனுக்கு மூன்றாவது சுழி போட்டாள். அவை வரிசை கலையாமல் சட்டை வழியாக இறங்கி, பள்ளி வாயிலைக் கடந்து, சாலையின் இடப்புறமாகவே போயின. பனியை, தேர்வு முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். நம்பிக்கை இல்லை என்று சொல்ல அவளுக்கும் உரிமை இருந்தது.

பதினேழு வயதில், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். மொழித்தாளில், பொருள் வேறுபாடு எழுதுக என்று கேட்டிருந்தார்கள்: பனி, பணி. அவள் இரண்டையும் பிழையில்லாமல் எழுதினாள். மண்டபத்தில் எதுவும் பெய்யவில்லை. முடிவு வந்தபோது நூறு அப்படியே இருந்தது. மொழித்தாளில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது.

அன்று காலை பதினோரு மணிக்குத் தூரிகையும் கறுப்பு டப்பாவும் எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்குப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் போனாள், அதில் சந்தேகம் வேண்டாம். ஏணி தயாராக இருந்தது. எழுத்தர் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலைமையாசிரியர் ஏணியைத் தானே பிடித்துக்கொண்டார். இரண்டு படி ஏறித் தூரிகையைத் தோய்த்தபோது தமிழாசிரியர் வராந்தாவில் வந்து நின்று, கூடியிருந்த பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி, "பரவால்லையே ரெண்டு சுழி, பாஸ் பண்ணிட்டியே!" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பழைய சிரிப்பு; ஐந்து வருடத்தில் அது கொஞ்சம்கூட வளர்ந்திருக்கவில்லை.

அவள் தூரிகையை டப்பாவின் விளிம்பில் இருபுறமும் வழித்தாள். மூடியை அழுத்தி மூடினாள். இறங்கினாள்.

"எனக்கு ரெண்டு சுழிதான் சார் தெரியும்," என்றாள். ஒவ்வோர் எழுத்தும் அது அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். அம்மாவும் கொட்டகையைக் காலி செய்துகொண்டு கூடப் போனாள். எழுத்தர் இரண்டு முறை கடிதம் போட்டார், பதில் வரவில்லை. மூன்றாம் வருடம் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அவருடைய அறையை ஆய்வகமாக்கி, நாற்காலியை அலுவலகத்துக்குள் போட்டார்கள். அதில் தமிழாசிரியர் தலைமையாசிரியராகி வந்து உட்கார்ந்தார், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கோப்புகளுக்கு மெழுகுத்துணி உறை வந்தது. மை உறையாமலிருக்க எல்லோரும் பேனாவை அக்குளில் வைத்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாவியோடு ஒரு கம்பளிச் சட்டையும் கொடுக்கப்படுகிறது. அந்தக் குளிரில் நாக்கு மேலே மடிவதில்லை. காலையில் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது அவர் நிமிர்ந்து, "வனக்கம்" என்கிறார். அந்த அறைக்குள் அப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று அவர்களும், தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, "வனக்கம் சார்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.