தொடக்கூடாத பெட்டி

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் சர்வர் அவள் பொறுப்பில் இருந்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தெருவுக்கு எது போகவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலையில்தான். பல வருஷமாக அதை யாரும் அணைத்துப் போட்டதில்லை. மாதம் ஒருமுறை ரீபூட் செய்துவிடலாம் என்று அவள் மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

"நல்லா ஓடிட்டிருக்கறத ஏம்மா நோண்டுற?"

"நிறுத்தினா திரும்ப எழுந்திரிக்குமான்னே தெரியல சார். அதான் பயம். கூட்டமில்லாத நேரமா பார்த்து, மாத்து ஏற்பாடோட நிறுத்திப் பார்த்துடலாம்."

"எழுந்திரிக்குமான்னு தெரியாதுங்கிற, நிறுத்தணும்ங்கிற" என்று அவர் சிரித்தார்.

ஒரு முற்பகலில் திரைகள் உறைந்து உறைந்து நகர்ந்தன. மேலாளர் ஓடிவந்தார். "உடனே ரீபூட் பண்ணு."

"வண்டி விவரத்தையாவது பிரிண்ட் எடுத்துக்கலாம் சார்."

"அஞ்சு நிமிஷ வேலைக்கு என்ன ஆர்ப்பாட்டம்? பண்ணும்மா."

அவள் மனசில்லாமல் செய்தாள். சர்வர் எழவில்லை. உள்ளே, எழும்போது மட்டும் தேவைப்படும் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஓட்டம் நிற்காததால் யாருக்கும் தெரியவில்லை.

போன்கள் அலறின. கிடைத்த தாளில் முகவரி எழுதி வயர்லெஸ்ஸில் கத்தினார்கள். ஒரே பெயரில் ஊரின் இரு கோடிகளில் இரண்டு தெருக்கள். ஒரு நெஞ்சுவலிக்காரருக்குப் போன வண்டி தவறான தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அந்த வண்டியின் டிரைவர் மாடியேறி வந்தார். எல்லாரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தவில்லை.

"நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. அவரு சம்சாரம் வாசல்லயே நின்னுட்டிருந்துச்சு. ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டுச்சு. நான் என்னத்தம்மா சொல்ல?"

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணையில் கேட்டது ஒன்றே ஒன்று: ரீபூட் செய்தது யார்?

"நான்தான்."

சொன்னது யார் என்று எவரும் கேட்கவில்லை. மேலாளர் வாய் திறக்கவில்லை. அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

"விடு, வேலையாவது மிஞ்சுச்சே" என்றான் கணவன். அன்று அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, தன் இடத்துக்கு வந்தவனுக்குப் போன் செய்தாள். "மாசம் ஒரு தடவை நிறுத்திப் பார்த்துடுங்க. கேட்டுக்கிட்டே இருங்க."

"புதுப் பெட்டிமேலயும் கையே வைக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்கக்கா. நீங்க பட்டது போதாதா?"

அவள் போனை வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் விரிப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள்.