ஆயில் குழாய் இல்லாத டர்போ

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஓர் இரும்புச் சாமான் மேல் எனக்கு வந்த பொறாமை. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும், இரண்டு கைக்குள் அடங்கும். பெயர் டர்போ. என் மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை என்றைக்காவது அவள் இவ்வளவு அக்கறையாக—

வேண்டாம். முதல் பத்தியிலேயே அசடு வழியக் கூடாது. மறுபடி தொடங்குகிறேன்.

1 (மறுபடி)

எங்களிடம் ஒரு பழைய குட்டி கார் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. [விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எனக்கு முன்பிருந்தே அவளோடு இருக்கும் கார் அது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தால் எது வெளியே போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் கேட்கவில்லை.]

வேலை முடிந்து இருவரும் அதில்தான் வீடு திரும்புவோம். வழியில் ஒரு மேடு. செங்குத்தான சாலை, உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓர் ஆள் மட்டும் இருந்தால் கார் முக்கி முனகி ஏறிவிடும். இரண்டு ஆள் என்றால் பாதியில் கொதித்து நின்றுவிடும். ஆகவே மேட்டடியில் நான் இறங்கிக்கொள்வேன்.* அவள் மேலே போய்த் தொட்டியருகே காத்திருப்பாள். நான் நடந்து போய் ஏறிக்கொள்வேன். வருஷக்கணக்காக இதுதான் நடைமுறை.

* அவள் ஏன் இறங்கக் கூடாது? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் எடையைப் பற்றி இந்தக் கதையில் பேச்சே கிடையாது.

2

இதுவரை நான் எழுதிய கதைகள் எல்லாம் அந்த மேட்டில் கிடைத்தவை. மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு மூளை ஓடும். மேட்டடியில் ஒரு பாத்திரம் கிடைக்கும். பாதி தூரத்தில் அதற்கு ஒரு சிக்கல் வரும். தொட்டி கண்ணில் பட்டதும் முடிவு வந்துவிடும். என் கதைகள் அவசரமாக முடிகின்றன என்று ஒரு விமர்சகர் எழுதினார். மேலே ஒருத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் எஞ்சினுக்கு டர்போ மாட்டக் கிளம்பினாள். பம்பு செட் கம்பெனியில் தரப் பரிசோதனை அவள் வேலை. இரும்பு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பவள்.

"எஞ்சின் விடுற புகை சும்மாதானே வெளியே போகுது? அதை வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டா, அது காத்தை அமுக்கி உள்ளே தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும். பலம் வரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"டார்ச்சை நேராப் பிடிங்க."

அவ்வளவுதான் இல்லை. முதலில் எஞ்சின் மூடிக்கு அடியில் தடித்த கேஸ்கெட் தகடு ஒன்றைப் போட்டு எஞ்சினின் சொந்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். இல்லையென்றால் வருகிற புது பலமே அதை உடைத்துவிடுமாம். இதைக் கேட்டதும் உள்ளே போய், 'தாம்பத்தியம் என்பதும் இப்படித்தான்—' என்று எழுதினேன். பிறகு எனக்கே சகிக்காமல் அடித்துவிட்டேன்.

3

அவள் ஷெட்டில் டர்போ மாட்டிய அதே நாட்களில் நான் மாடியில் டர்போ கதை எழுதினேன். கதாநாயகன் ஒரு மெக்கானிக். முறுக்கு மீசை. வாய் திறந்தால் தத்துவம். எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன்.

"யாரு இது?"

"நீதான்."

"எனக்கு மீசை எதுக்கு?"

பாத்திரத்துக்குக் கம்பீரம் வேண்டுமே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, கம்பெனியில் ரிப்போர்ட் படிப்பதுபோல் படித்தாள். கடைசிப் பக்கத்தில் மீசைக்காரர் மேட்டில் ஏறுகிறார், பாதி தூரத்தில் டர்போ அலறி இறுகி நின்றுவிடுகிறது, அவர் இறங்கி வானத்தைப் பார்க்கிறார். அந்த வானத்தை நான் மூன்று பத்திக்கு எழுதியிருந்தேன். அவள் வானத்தைத் தாண்டிவிட்டு முன்பக்கங்களுக்குத் திரும்பினாள்.

"இதுக்கு ஆயில் எங்கேருந்து வருது?"

"எந்த ஆயில்?"

"டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தும். எஞ்சின்லேருந்து அதுக்கு ஆயில் போகணும், இல்லேன்னா காய்ஞ்சு இறுகிடும். அந்தக் குழாயையே காணோமே!"

"விட்டுப்போச்சு போல. கதைதானே?"

"கதைதான். ஆனா ஒரு நட்டு விடாம எழுதியிருக்கீங்க. சைலன்ஸர் கிளாம்ப்பு வரைக்கும் இருக்கு. இது ஒண்ணு மட்டும் இல்லை. மறந்துட்டேன்னு சொல்லாதீங்க. நான் அந்தக் குழாயை மாட்டும்போது டார்ச் பிடிச்சதே நீங்கதான். சட்டையில ஆயில் கொட்டிடுச்சுன்னு ஒரு வாரம் புலம்பினீங்க."

நான் சட்டையைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"வண்டி ஏறக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?"

அதுவரை எனக்கே தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? அவளும் நம்பவில்லை. நடை போனால் கதை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்றேன். அவள் பென்சிலை மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கு மேட்டுல கதை கிடைக்குது. மேல உக்காந்திருக்கிற எனக்கு என்ன கிடைக்குது? வந்து ஏறினதும், 'பேசாதே, மறந்துடும்'னு சொல்லுவீங்க. வீடு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு ஓட்டுவேன். எதுக்காக இவ்வளவு நாள் கையெல்லாம் கிரீஸா நின்னேன்னு நினைச்சீங்க? ஒரு நாளாவது ஒரு பேச்சை ஆரம்பிச்சு, நடுவுல இறக்கிவிடாம, வீடு வரைக்கும் பேசிட்டுப் போகணும்னுதான்."

எனக்கு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது. [இந்த இடத்துக்கு நல்ல உவமை ஒன்று தேடினேன். அகப்படவில்லை. மேட்டில் இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும்.]

4

மீசையை எடுத்துவிட்டேன். ஆயில் குழாயைப் போட்டேன். கதை இப்போது சரியாக ஓடுகிறது, ஆனால் முடிவு இல்லை.

முடிவு அ: கார் இருவரோடும் ஏறிவிடுகிறது. அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். அதற்குப் பிறகு நான் ஒரு கதையும் எழுதவில்லை. [இலக்கிய உலகம் இதைக் கவனிக்கவே இல்லை.]

முடிவு ஆ: கார் பாதியில் நிற்கிறது. அவளும் இறங்குகிறாள். முதன்முறையாக இருவரும் அந்த மேட்டில் சேர்ந்து நடந்து— அவள் எட்டிப் பார்த்து, "நடக்கிறது இருக்கட்டும், வண்டியை யாரு தள்ளுறது?" என்று கேட்டுவிட்டதால் இது கைவிடப்பட்டது.

கீழே போகும்போது அறை வாசலில் நின்று சொன்னாள்: "நாளைக்கு ஓட்டிப் பாக்கப் போறேன். மேட்டடியில இறங்கணும்னா இறங்குங்க, கோபப்பட மாட்டேன். ஆனா மேல நிக்க மாட்டேன். நேரா வீட்டுக்குப் போயிடுவேன்."

5

மேட்டடியில் இருக்கிறோம். தாள் என் மடியில். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு கால் வெளியே இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்க்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருக்கின்றன.

"என்ன எழுதுறீங்க?"

"முடிவு."

"என்ன முடிவு?"

"தெரியலை. நடந்தாத்தான் வரும்."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அது பழைய கதவு, ஒரு தடவையில் சாத்திக்கொள்ளாது. இரண்டாவது தடவை ஓங்கிச் சாத்தினேன்.

"அன்னிக்கு கம்பெனியில என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கியரைப் போட்டாள்.

ஆனால் ஒரு சிக்கல். இந்த வண்டி இரண்டு பேருக்கே திணறும். நீங்களோ முதல் வரியிலிருந்து பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தவறாக நினைக்காதீர்கள், கொஞ்சம் இறங்கிக்கொள்ளுங்கள். நல்ல காற்றுதான், நடந்து வாருங்கள். மூச்சு வாங்கும்போது முடிவு தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றும்.

மேலே போனதும் டர்போ எஞ்சினை உடனே அணைக்கக் கூடாதாம், சூடு தணியச் சற்று நேரம் ஓட வேண்டுமாம். அதுவரை தொட்டியருகே இருப்போம். அங்கே எங்களைக் காணவில்லை என்றால் பாதி வழியில் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்த்தால், சும்மா தாண்டிப் போய்விடாமல், பின்னால் வந்து ஒரு கை கொடுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நான் இறங்குவதாக இல்லை.